ஊமைப் பங்கு

ஜூன் 3

அன்புள்ள ஏரிக்காரருக்கு,

ஒரு கேள்வி. ஏரித் தண்ணீரில் ஊமைப் பங்கு ஏன் மூன்று மடங்கு ஏறியது? பதில் எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறவள் இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. லேபில் யாரிடமும் சொல்லவில்லை.

புது இயக்குநர் கணக்குப் படித்துவிட்டு வந்தவர். "பாஸ்பரஸ்னா பாஸ்பரஸ்தானே மேடம், ஒரே நம்பரா குடுங்களேன்" என்றார். உட்கார வைத்து விளக்கினேன். ஒரே பாட்டில் தண்ணீரைக் கேட்கிற விதத்தில் கேட்டால் வெவ்வேறு பதில் சொல்லும் சார். வடிகட்டாமல் அமிலம் ஊற்றி வேகவைத்தால் சேற்றிலும் பாசியிலும் இருப்பது உட்பட மொத்தமும் தெரியும். ஏரிக்கரையிலேயே வடிகட்டிவிட்டால் சேறும் பாசியும் வடிதாளில் நின்றுவிடும், கரைந்தது மட்டும் பாட்டிலுக்கு வரும். அந்த வடிநீரில் மருந்து விட்டதும் நீலமாகிறதே, அது பாசி அப்படியே தின்னக்கூடிய பங்கு. அதே வடிநீரை வேகவைத்த பிறகே வாய் திறக்கிற பங்கு இன்னொன்று இருக்கிறது. கரைந்திருக்கும், ஆனால் நிறம் காட்டாது. அதைத்தான் ஊமை என்கிறோம்.

தலையாட்டினார். "வீட்லயும் அப்படித்தான் மேடம், பேசாதவங்ககிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். நான் சிரிக்கவில்லை. தராசு அறைக்குள் போய்ச் சிரித்தேன்.

லிட்டருக்கு ஒன்பது, பத்து மைக்ரோகிராம் என்று இருந்த ஊமை ஏப்ரலில் பதினேழு ஆனது. மழை விழுந்த பிறகு, போன வாரம், முப்பத்தொன்று. நீலம் காட்டும் பங்கு கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. கருவியைச் சந்தேகித்தேன். மருந்தைச் சந்தேகித்துப் புதிதாகக் கலக்கினேன். பாட்டில் கழுவுகிற அம்மாவைச் சந்தேகித்ததில் அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உங்கள் பக்கம் சுத்தம். வடிகட்டுவதில் பிசகு வந்தால் தெரியட்டும் என்று வாராவாரம் உங்களை வடிகட்டி அனுப்பச் சொல்லும் சுத்தமான வெறும் தண்ணீர்ப் பாட்டில் பூஜ்ஜியம்தான் காட்டுகிறது.

கரையில் ஏதாவது மாறியிருக்கிறதா? கண் உங்களுக்குத்தான் அங்கே இருக்கிறது.

இரண்டு மாதமாக நீங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மகள் விடுதியிலிருந்து வந்துவிட்டுப் போனாள், அப்பா எங்கே என்று கேட்டாள், ஏரி விடவில்லை என்றேன். போன வாரக் கடிதம் கம்ப்யூட்டரில் அடித்து வந்தது. பிரித்ததும் ஏதோ பில் என்று நினைத்துவிட்டேன். ஊரெல்லாம் போனில் பேசுகிறது. போனில் நான் கேள்வி கேட்பேன், நீங்கள் "ம்" என்பீர்கள். ஐஸ் பெட்டிக்குள் வைத்து அனுப்பும் இந்தக் காகிதத்தில்தான் நாம் இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறோம். அதையும் அச்சில் அடித்தால் எப்படி?

மாத்திரையை மறக்க வேண்டாம்.

லேப்காரி


ஜூன் 10

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உனக்கே தெரியாத கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறாய். டிப்ளமோ படித்தவனுக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்? கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்தேன்.

ஆபீசில் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்கள். உபயோகிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். அதனால்தான் அச்சு. என் கையெழுத்தைப் பார்த்து நீதான் முன்பு "கோழி கிளறின மாதிரி" என்பாய். இப்போது குறை சொல்ல ஒன்றும் இல்லை பார்.

கரையில் என்ன மாறியது என்று கேட்டாய். தண்ணீர் வந்து சேரும் கால்வாய்க்கு மேல் பக்கம் செங்கல் சூளைக்காரர்களின் வீடுகள் இருபத்தாறு இருக்கின்றன, உனக்குத் தெரியும். எல்லார் வீட்டுக் கழிவறைக் குழியும் நிரம்பிக் கிடக்கிறது. மழையில் அது ஊறி இறங்கலாம். கழிவுநீரில் உன் ஊமை நிறைய இருக்கும் என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். இது ஊகம்தான். முடிவு சொல்ல வேண்டியவள் நீ.

வேலை முடியாததால்தான் வரவில்லை. படகு ஒழுகுகிறது, அதை அடைக்க வேண்டும். அடுத்த மாதம் வருகிறேன். மகளிடம், அப்பா இன்னும் முழுகிப் போகவில்லை என்று சொல்.

மாத்திரை போடுகிறேன்.

ஏரிக்காரன்


ஜூலை 1

அன்புள்ள ஏரிக்காரருக்கு,

நீங்கள் சொன்னது பொருந்துகிறது. மழை பெய்த வாரங்களில் ஏறுகிறது, காய்ந்த வாரங்களில் இறங்குகிறது. குழியிலிருந்து ஊறினால் அப்படித்தான் இருக்கும். அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இதை எழுதும்போது எனக்கு மனம் சரியில்லை. என் அறிக்கையில் "காரணமாக இருக்கக்கூடும்" என்று எழுதினேன். இரண்டு இடத்தில் எழுதினேன். அதை வைத்துக் குடிநீர் வாரியம் போட்ட ஆணையில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். இல்லை. "காரணம்" என்று மட்டும் இருக்கிறது. இருபத்தாறு வீட்டையும் ஜூலை 22-க்குள் காலி செய்ய வேண்டுமாம். மாற்று இடம் "பின்னர் அறிவிக்கப்படும்".

இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். "மேடம், இத்தனை வருஷத்துல நம்ம நம்பரை வெச்சு யாராவது ஏதாவது செஞ்சிருக்காங்களா? இப்பதான் செய்யறாங்க!" என்று இனிப்பு வாங்கி வைத்தார். என் பங்கைப் பாட்டில் கழுவுகிற அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நம்பரை வைத்து யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்று நானும் பல வருடம் புலம்பியிருக்கிறேன். செய்கிறபோது பயமாக இருக்கிறது.

நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். அந்தக் குழிகளை நேரில் பார்த்தீர்கள்தானே? எத்தனை குழி, கால்வாயிலிருந்து எத்தனை அடி, ஒரு படம் வரைந்து அனுப்புங்கள். இதற்கும் கம்ப்யூட்டர் வேண்டாம். பென்சில் போதும்.

லேப்காரி


ஜூலை 8

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

படம் வரைய முடியவில்லை. மழை.

கதவுக்குக் கதவு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். சூளைப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிற அக்காவை உனக்கு நினைவிருக்கும், போன முறை வந்தபோது உனக்குச் சர்க்கரை இல்லாமல் போட்டுக் கொடுத்து, "இவ்ளோ படிச்சும் சர்க்கரையைப் பார்த்துப் பயமா?" என்று கேட்டவர். நோட்டீசைக் கிழித்துக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார்.

"சார், நீங்கதானே வாரா வாரம் தண்ணி எடுக்கறீங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன்.

"எங்க குழி போன வருஷம்தான் கட்டினது. சிமெண்ட் உறை இறக்கினோம். வந்து எட்டிப் பாருங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டாவது பாருங்க."

பார்த்தேன். டாக்டரம்மா, அவர் சொன்னது சரி. பாதிக்கு மேற்பட்ட குழிகளில் நல்ல உறை இருக்கிறது. நான் முன்பு போய்ப் பார்க்காமல் எழுதிவிட்டேன். ஊகம் என்றுதானே எழுதினேன்?

கொஞ்சம் பொறுக்கச் சொல்ல முடியாதா? இன்னொரு தடவை நீ எல்லாவற்றையும் பார்க்கக் கூடாதா? ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல். உன் பேச்சைக் கேட்பார்கள்.

ஏரிக்காரன்


ஜூலை 15

உங்களுக்கு,

இன்னொரு தடவை பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன்.

நீங்கள் வடிகட்டி அனுப்பிய பாட்டில்களில் மே மாதத்திலிருந்து மிச்சம் வைத்திருந்தவற்றை எடுத்து, இங்கே புதுத் தாளில் மறுபடி வடிகட்டினேன். ஏற்கெனவே வடித்த தண்ணீரில் எதுவும் நிற்கக் கூடாது. தாள் பழுப்பாகிவிட்டது. பதினான்கு பாட்டில்களில் பதினொன்றில் சேறு. அந்தச் சேற்றை வேகவைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். ஊமைப் பங்கு ஏறவே இல்லை. நான் சேற்றை அளந்து ஊமை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

வெறும் தண்ணீர்ப் பாட்டில் எப்போதும் பூஜ்ஜியம் காட்டியதில் ஆச்சரியம் இல்லை. அதில் சேறே கிடையாது. வடிகட்டினாலும் பூஜ்ஜியம், வடிகட்டாவிட்டாலும் பூஜ்ஜியம். அந்தச் சோதனையை ஏற்பாடு செய்தவள் நான்தான். பாட்டில் அடியில் மெல்லிய படிவு இருந்ததையும் பார்த்தேன். ஐஸில் இருந்து வந்ததால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகித்தேன், கழுவுகிற அம்மாவைக்கூட. உங்களை மட்டும் சந்தேகிக்கவில்லை.

நீங்கள் வடிகட்டுவதே இல்லையா? சோம்பலா? வேறு ஏதாவதா? ஆள் வீட்டுக்கு வருவதில்லை, கடிதம் அச்சில் வருகிறது, வேலையும் நடப்பதில்லை. நான் என்ன நினைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? அந்த வீடுகளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.

ஒரே வரியில் பதில் எழுதினால் போதும்.


ஜூலை 18

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இது என் கையெழுத்துதான். படிக்கச் சிரமமாக இருந்தால் மன்னித்துக்கொள். ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகிறது.

வலது கை நடுங்குகிறது. போன வருடம் கட்டை விரலில் ஆரம்பித்தது. படகு மோட்டாரின் அதிர்வு என்று நினைத்தேன். மார்ச் மாதம் டாக்டரிடம் போனேன். அது மூளையிலிருந்து வருகிறதாம். ஒரு பெயர் சொன்னார், நான் அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நீ பத்துக் கட்டுரை படித்துவிடுவாய். மெல்ல ஏறும், மாத்திரையில் கொஞ்சம் நிற்கும், இறங்காது என்றார். நீ மாத்திரை என்று எழுதும்போதெல்லாம் ரத்த அழுத்தத்தைச் சொல்கிறாய். நான் இரண்டு வகை போடுகிறேன்.

உனக்குத் தெரியும், அந்த வடிதாள் வெங்காயத் தோலைவிட மெல்லியது. இடுக்கியால் பிடித்து, வட்டத்தில் மையமாக வைத்து, மூடியைத் திருக வேண்டும். நடுங்கினால் ஓரத்தில் கீறும். கீறல் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் சுலபமாக இறங்கும்போதுதான் கிழிந்திருக்கிறது என்று புரியும். முதலில் நான்கைந்து தாள் மாற்றி மாற்றி வைத்தேன். பிறகு தாள் தீர்ந்து போகும், நீ கணக்குக் கேட்பாய் என்று, இறங்கினது இறங்கட்டும் என்று விட்டேன். சோம்பல் இல்லை. ஒவ்வொரு பாட்டிலையும் வடிகட்டினேன். வடியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஓய்வுக்குப் பதினோரு மாதம் இருக்கிறது, அது ஒன்று. இன்னொன்று, நீ. என்னைப் பார்த்ததும் முதலில் கையைப் பார்ப்பாய். டம்ளரை எட்டத் தள்ளி வைப்பாய். சட்டைப் பித்தானைப் போட்டுவிட வருவாய். எல்லாம் அன்பால்தான். ஆனால் நான் உனக்கு ஒரு பாட்டில் ஆகிவிடுவேன். லேபிள் ஒட்டி, வாரா வாரம் அளந்து பார்க்கிற பாட்டில். அது மட்டும் வேண்டாம் என்று இருந்தது.

குழியைப் பற்றி எழுதியது பொய். அதை ஊகம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நீ கேட்டாய், எதையாவது சொல்ல வேண்டியிருந்தது, வாயில் வந்தது அது. இருபத்தாறு வீடு என்று எழுதும்போது எனக்கு அது ஒரு எண்ணாகத்தான் இருந்தது. இப்போது தினமும் அந்தப் பக்கம் போய்த்தான் டீ குடிக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அறிக்கையை வாபஸ் வாங்கு. வடிதாள் வந்த கட்டு சரியில்லை, தயாரிப்பிலேயே ஓட்டை என்று எழுது. அப்படி நடப்பதுண்டு, நீயே சொல்லியிருக்கிறாய். வீடுகளும் பிழைக்கும், நானும் பதினோரு மாதத்தை ஓட்டிவிடுவேன். யாருக்கும் நஷ்டமில்லை. இனி எல்லாப் பாட்டிலையும் வடிகட்டாமலே அனுப்புகிறேன், நீ அங்கே வடித்துக்கொள்.

இந்தக் கடிதத்தைப் பேருந்து டிரைவரிடம் கொடுத்து விடுகிறேன். உன் முடிவு எதுவானாலும் 22-க்கு முன்னால் ஆகட்டும்.

உன்
ஏரிக்காரன்


ஜூலை 21

அன்புள்ளவருக்கு,

டிரைவர் கடிதத்தை லேபில் கொடுக்க மறந்து, சனியும் ஞாயிறும் தன் சட்டைப் பையில் வைத்திருந்து, இன்று மதியம்தான் கொண்டுவந்தார். "வீட்டுக் கடிதம்தானே மேடம், அவசரமில்லைனு நினைச்சேன்" என்றார். இயக்குநர் வெளியூரில் இருக்கிறார், நாளைக் காலைதான் வருவார். போனில் சொல்லிப் பார்த்தேன். "எழுத்துல குடுங்க மேடம், வாய்ல சொன்னா வாரியம் கேக்காது" என்றார்.

நீங்கள் எழுதியதில் நான்கு வரி என்னால் படிக்க முடியவில்லை. ஐந்தாவது முறை படித்தபோது தெரிந்தது.

நீங்கள் கேட்டபடி எழுதினேன். வடிதாள் கட்டின் எண்ணைப் போட்டு, தயாரிப்பில் நுண்ணிய துளைகள் இருந்திருக்கின்றன என்று எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக ஒரு பத்தி நான் எழுதியதில்லை. தாள் தயாரிக்கிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள், முகம் தெரியாதவர்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. இருபத்தாறு வீட்டைப் பற்றி எழுதியபோது உங்களுக்குத் தோன்றியதும் இதேதானோ என்று அப்புறம் தோன்றியது.

அதோடு, அதே கட்டிலிருந்து வேறு மூன்று ஏரிகளுக்குத் தாள் போயிருக்கிறது. தாளில் ஓட்டை என்று நான் எழுதினால் அந்த மூன்று பேரின் ஒரு வருட வேலை குப்பைக்குப் போகும். அவர்கள் கை நடுங்கவில்லை.

இன்னொன்றும் எழுதியிருக்கிறேன். ஏப்ரல் முதல் மாதிரிகள் சரியாக வடிகட்டப்படவில்லை, வடிகட்டியவருக்குக் கை நடுக்கம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனை தவறாக அமைக்கப்பட்டிருந்தது, அமைத்தவள் நான், குழிகளைப் பற்றிய ஊகத்தை நேரில் பார்க்காமல் அறிக்கையில் சேர்த்தவளும் நான். இது சுமாராக வந்திருக்கிறது. வாக்கியங்கள் இடிக்கின்றன.

இரண்டும் மேஜைமேல் இருக்கின்றன. இதைக் கொடுத்தால் உங்கள் பதினோரு மாதம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைக் கொடுத்தால் நாளை முதல் நான் அளக்கிற எதையும் நானே நம்ப மாட்டேன். உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு வேறு சொத்து இல்லை.

டம்ளரைத் தள்ளி வைப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். கோபம் வந்தது. மறுக்கலாம் என்று பேனாவை எடுத்தேன், மறுக்க முடியவில்லை. சமையலறையில் நின்றபோது, உங்களுக்கு இனி பிளாஸ்டிக் டம்ளர் வாங்க வேண்டும் என்று ஏற்கெனவே நினைத்து முடித்திருந்தேன்.

மார்ச் மாதம் அந்த டாக்டர் அறையிலிருந்து தனியாக எப்படித் திரும்பிப் போனீர்கள்? எந்தப் பேருந்தில்? சாப்பிட்டீர்களா? இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

நாளை செவ்வாய். காலிப் பெட்டி போகும்போது இதையும் வைத்து அனுப்புகிறேன்.


ஜூலை 22

பெட்டியில் வைக்கவில்லை. இன்று நடந்ததை இதன் கீழேயே எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு இரண்டாவது அறிக்கையை இயக்குநரிடம் கொடுத்தேன். முதலாவதைக் கிழித்தேன், அவர் வரும் முன்பே. படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவர் உங்க வீட்டுக்காரர்தானே மேடம்?"

"ஆமா சார்."

"அப்ப இதை வேற யாராவது எழுதட்டுமே. நீங்க ஏன்?"

"வேற யாருக்கும் தெரியாது சார்."

கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு வாரியத்துக்குப் போன் செய்தார். மூன்று பேர் கை மாறி, பதினொன்று இருபதுக்கு நிறுத்தச் சொல்லி ஆணை போனது. உங்களைப் பற்றி, இன்று முதல் கள வேலை வேண்டாம், மீதி மாதங்களைப் பற்றிக் குழு முடிவு செய்யும் என்றார். குழுவில் என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. எனக்கும் விளக்கம் கேட்டு ஓலை வரும்.

ஆறு மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்களே நம் வீட்டு வாசலில் நின்றீர்கள். இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள். நான் வாங்க வந்தேன், நீங்கள் கொடுக்கவில்லை. உள்ளே வந்து, நிறுத்தச் சொல்லி வருவதற்குள் நான்கு வீட்டுக் கூரையை இறக்கிவிட்டார்கள் என்று சொன்னீர்கள். டீக்கடை அக்காவின் வீடு மூன்றாவது. காலையிலேயே அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள்.

"என்ன சொன்னாங்க?"

"'உங்க கை நடுங்கினதுக்கு எங்க கூரையா சார் இறங்கணும்?'னு கேட்டாங்க."

"நீங்க?"

"ஓடு பொறுக்கிக் குடுத்தேன். ரெண்டு உடைஞ்சுது."

அறிக்கையில் என்ன எழுதினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொன்னேன். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "தெரியும்" என்றீர்கள். கோபமா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நீங்கள் முன்னறையில் இருக்கிறீர்கள், நான் சமையலறை மேஜையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு சுவர்தான்.

அப்புறம் தண்ணீர் கேட்டீர்கள். எவர்சில்வர் டம்ளரில் பாதி ஊற்றிக் கொண்டுவந்தேன். டம்ளரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"முழுசா ஊத்து."

விளிம்புவரை ஊற்றினேன். எடுத்தீர்கள். கால்வாசி மேஜையில் சிந்தியது, கொஞ்சம் சட்டையில். மீதியைக் குடித்தீர்கள். துணி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை. நீங்கள் எழுந்து போய் எடுத்துவந்து, மேஜையை ஓரம்வரை துடைத்து, துணியைப் பிழிந்து கொடியில் போட்டீர்கள். அதற்கு வெகு நேரம் ஆனது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.